மொட்டை மாடியில் ஒரு கதிரை

புதன்கிழமை பின்னேரம் நாலரைக்குக் கீழே இறங்கிப் போய், காவலுக்கு இருக்கும் அண்ணையிடம் மொட்டை மாடித் திறப்பை வாங்குவேன். ஆறாம் மாடியோடு லிப்ட் நின்றுவிடும். அதற்கு மேல் பதினெட்டுப் படி. கம்பியைப் பிடித்தபடி ஏறி இரும்புக் கதவைத் தள்ளினால் நாலு கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள், கொடியில் காயும் உடுப்புகள், ஒரு கால் ஆடுகிற நீலப் பிளாஸ்டிக் கதிரை. போனைத் தாங்கியின் அடிக்கட்டில் சாய்த்து வைத்துவிட்டு அந்தக் கதிரையில் இருப்பேன். போனுக்குப் பின்னால் வெள்ளவத்தைக் கடல். ஐந்து மணிக்குத் திரையில் ஒரு முகம் வரும். மட்டக்களப்பில் இருக்கும் உளவளத்துணையாளர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். "அக்கா, இந்தக் கிழம எப்பிடிப் போச்சு?" என்று தொடங்குவார்.

2022 பெப்ரவரியில் தொடங்கி ஜூன் வரைக்கும் அப்படிப் பதினாறு புதன்கிழமைகள். மூன்று வருடமாக நாரி நோவோடு, அதாவது கீழ்முதுகு வலியோடு கிடந்து, அந்த நோவோடு சேர்ந்து மனமும் இருண்டுபோன ஒருத்திக்கு அந்தக் கதிரையில் என்ன நடந்தது என்பதை எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். "ஒன்லைன்ல கதைச்சு நோ மாறுமோ?" என்று கேட்கிற சொந்தக்காரருக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை.

நோ தொடங்கியது 2018 கடைசியில். காலி வீதியில் பஸ்ஸால் இறங்கும்போது கால் இடறி, நாரி அடிபட விழுந்தேன். எலும்பு முறியவில்லை. இரண்டு கிழமையில் சரிவரும் என்றார்கள். இரண்டு மாதம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று. காலமையில் கட்டிலால் எழும்பும்போது இடுப்புக்குள் கம்பி வைத்து முறுக்குவது போல ஒரு உளைவு. இருந்து எழும்பினால் விறைப்பு. இரவில் புரண்டு படுத்தால் குத்து. சித்தாலேப பூசினேன், நொச்சி இலை அவித்து ஒத்தடம் பிடித்தேன், பனடோலை இனிப்புப் போல விழுங்கினேன். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தோம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கிற தட்டைத்தான் டிஸ்க் என்கிறார்கள். "டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்ற ஒரு வரியை அந்தத் தாளில் வாசித்த நாளிலிருந்து நான் நடந்த விதமே மாறிவிட்டது. முதுகுக்குள் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைச் சுமக்கிறவள் போல நடந்தேன்.

அந்த வரியைப் பற்றி எனக்கு அப்போது யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். முதுகு நோவே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கான் படங்களைத் திரட்டிப் பார்த்த ஒரு ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதன்படி 50 வயதில், ஒரு நோவும் இல்லாதவர்களிலேயே 60 வீதமானோருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கிறது. 20 வயதுக்காரரில்கூட 30 வீதம். படத்தில் தெரிவது எல்லாம் நோவுக்குக் காரணம் ஆகிவிடாது. இந்த ஒரு விஷயத்தை யாராவது 2019இல் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தால், இரண்டு வருடப் பயத்தை நான் சுமந்திருக்கத் தேவையில்லை.

கிளினிக்குக்குப் போவதே ஒரு தண்டனை. காலை ஆறரைக்கு த்ரீவீல் பிடித்து, ஒவ்வொரு குழிக்கும் நாரியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி போய், நம்பர் எடுத்து, மூன்று மணித்தியாலம் வாங்கில் இருக்கவேண்டும். இருந்தால் நோகும் என்று சொல்ல வந்தவள், அதைச் சொல்வதற்காக மூன்று மணித்தியாலம் இருக்கிறாள். உள்ளே போனால் ஐந்து நிமிடம். ஒருநாள் அந்த ஐந்து நிமிடத்தின் முடிவில், தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே அந்த வைத்தியர் சொன்னார்: "உங்களுக்கு டிப்ரெஷன். இந்தக் குளிசையை இரவில போடுங்கோ."

நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் நோ பொய் என்று அவர் சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது. குளிசையின் பெயர் அமிற்றிப்டிலின். போனில் தேடினால் 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று வந்தது. பத்து நாளில் நானாகவே நிறுத்திவிட்டேன். அது பிழை. அந்த மருந்தைச் சிறிய அளவில் நாட்பட்ட நோவுக்கென்றே பல வருடமாகக் கொடுத்து வருகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செரட்டோனின், நோர்அட்ரினலின் என்ற இரசாயனங்கள் நம் மனநிலைக்கும் வேண்டும். மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்கு இறங்கி நோவின் சத்தத்தைக் குறைக்கிற நரம்புப் பாதைக்கும் வேண்டும். நோவும் சோர்வும் ஒன்றின் கையை மற்றது பிடித்துக்கொண்டு வருவதற்கு இது ஒரு காரணம். அந்த வைத்தியர் கண்டுபிடித்ததில் பிழை இல்லை. அதை என்னிடம் சொன்ன விதத்தில் மருந்து பத்து நாளைத் தாண்டவே இல்லை.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியது. வலி என்பது புலன் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம். இழையத்துக்கு உண்மையில் சேதம் இருந்தாலும் வரும், சேதம் இருப்பது போன்றும் வரும் என்கிறது அது. அதோடு சேர்த்த குறிப்புகளில் ஒன்று, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்பது. இந்த வரியை எங்கள் ஊர் கிளினிக்குகளின் சுவரில் மூன்று மொழியிலும் எழுதிப் போடவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கிளினிக்கும் நின்றது, பிசியோதெரபியும் நின்றது. நான் கட்டிலோடு சேர்ந்தேன். முதலில் கோயில் நின்றது. பிறகு பாட்டு நின்றது. சின்னனில் பண்ணிசை படித்தவள் நான், வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்தினால் ஒரு தேவாரமாவது வாயில் வரும். பிறகு சிநேகிதிகளின் கோலை எடுப்பது நின்றது. மாமி குசினியில் நின்று சமைப்பதைக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எழுபத்தெட்டு வயது மனுசி. தாச்சி வைக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஒவ்வொரு சத்தமும் 'நீ ஒண்டுக்கும் உதவாதவள்' என்று சொன்னது. கடலுக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி நான் நினைக்கக்கூடாத விதத்தில் நினைத்த இரவுகளும் இருந்தன.

தங்கச்சி கனடாவிலிருந்து ஒரு செயலியை அனுப்பினாள். நோவுக்கும் மனதுக்கும் என்று எட்டுக் கிழமைப் பாடம், எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். அலுவலகத்தில் இருபது வருடம் அதில்தான் கணக்கு எழுதினேன். ஆனால் 'உளைவு' என்ற சொல் அந்தச் செயலிக்குத் தெரியாது. நோவை விவரிக்கச் சொல்லி வரிசையாகப் பத்துச் சொல் வந்தது. அதில் ஒன்றும் என் நாரிக்குள் இருப்பது இல்லை. மூன்றாவது கிழமையோடு விட்டுவிட்டேன். விட்டதற்காகவும் என்னையே ஏசினேன்.

பிறகு பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்திதான் மட்டக்களப்புப் பிள்ளையின் இலக்கத்தைத் தந்தாள். "முகம் தெரியாத ஆளோட எப்பிடியடி கதைக்கிறது?" என்று கேட்டேன். "தெரிஞ்ச ஆளோடதான் உனக்குக் கதைக்கேலாமக் கிடக்கு" என்றாள். சரிதான். வெள்ளவத்தையில் ஒரு மனநலக் கிளினிக் வாசலில் நான் நின்றால், பின்னேரத்துக்குள் மார்க்கெட்டில் மீன் வாங்குகிற ஆளுக்கும் தெரிந்துவிடும்.

முதல் நாள் அறைக்குள் இருந்துதான் கதைத்தேன். கதவுக்குக் கீழே துவாயைச் செருகிவிட்டுக் குசுகுசுத்தேன். ஹோலில் மாமியின் டீவி. பக்கத்து அறையில் மகன் ஏ.எல். படிக்கிறான். பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை நிறுத்திவிட்டுச் சொன்னார், "அக்கா, இப்பிடி மூச்சப் புடிச்சிக் கதைச்சாச் சரிவராது. குரல விட்டுக் கதைக்கிற இடம் ஒண்டு தேடுங்க. இந்தக் கிழமைக்கு அதுதான் வீட்டுவேல. மத்ததெல்லாம் மறுகா."

மறுகா. பிறகு என்பதற்கு மட்டக்களப்பார் சொல்லும் சொல். அதைக் கேட்டதும் ஏனோ நெஞ்சு இளகியது. என் நோவை நான் நாரி என்று சொல்லலாம், உளைவு என்று சொல்லலாம், விளங்கப்படுத்தத் தேவையில்லை. அடுத்த புதன்கிழமைதான் மொட்டை மாடித் திறப்பு என் கைக்கு வந்தது.

அந்த முதல் நாளிலேயே அவர் செய்த இன்னொரு காரியத்தை, ஒன்லைன் உதவி தேடுகிற எல்லோரும் கவனிக்கவேண்டும். கதையைத் தொடங்குமுன் என் வீட்டு விலாசம், கணவரின் போன் இலக்கம், கிட்டிய ஆஸ்பத்திரி எது என்று கேட்டு எழுதிக்கொண்டார். "நான் மட்டக்களப்புல இருக்கன், நீங்க கொழும்புல இருக்கீங்க. லைன் அறுந்தா நான் யாருக்கு அடிக்கிற?" பிறகு மனச்சோர்வை அளக்கிற பி.எச்.கியூ-9 என்ற படிவத்தைத் தமிழில் வாசித்தார். கடந்த இரண்டு கிழமையைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி; மொத்தம் 27, புள்ளி கூடினால் சோர்வும் கூட. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லம் என்ற நினைப்பைப் பற்றியது. எட்டுக் கேள்விக்கும் கடகடவென்று பதில் சொன்னவள் அதில் நின்றேன். அவரும் பேசாமல் இருந்தார். அவர் பக்கத்தில் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. கடைசியில் சொன்னேன். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு என் புள்ளி 17.

மூன்றாவது புதன்கிழமை நடந்ததை மறக்கமாட்டேன். கீழே நிறுத்தியிருக்கும் ஒரு வானின் அலாரம் திடீரென்று அலறத் தொடங்கியது. எங்கள் தொடர்மாடியில் எல்லோருக்கும் அந்தச் சனியனைத் தெரியும். காகம் வந்து கூரையில் இருந்தாலும் கத்தும், மழை பெலத்தாலும் கத்தும். "என்ன அக்கா அது?" என்றார். சொன்னேன். "கள்ளன் வந்தானா?" "இல்லை, காகம்." "அப்ப அலாரம் பொய்யா அடிக்குதா?" யோசித்தேன். அலாரம் உண்மையாகத்தான் அடிக்கிறது, காது கிழிகிறது; வானுக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. "அதுதான் அக்கா உங்கட நாரி" என்றார்.

நாட்பட்ட நோ என்பது பெரும்பாலும் அலாரம் கூர்மையாகிப்போன நிலை என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். 1965இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முள்ளந்தண்டில் ஒரு 'கதவு' இருக்கிறது, நோவின் செய்தியை அது கூட்டவும் குறைக்கவும் செய்கிறது, மூளையும் அந்தக் கதவை மேலிருந்து ஆட்டுகிறது என்று எழுதியதிலிருந்துதான் இந்த விளக்கம் வளர்ந்து வந்தது. பயம், நித்திரையின்மை, 'முறிஞ்சு போகும்' என்ற எண்ணம் எல்லாம் கதவைத் திறந்துவிடுகின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில், நோவே நோயாக நிற்கும் வகைக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு கிளினிக் அறைக்குள் படம் கீறிக் காட்டியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். என் வீட்டு வாசலில் நான் தினமும் ஏசுகிற அலாரத்தை வைத்து அவர் சொன்னதால் அது எனக்குள் இறங்கியது. என் உலகத்தின் சத்தம் அவருக்குக் கேட்டது. கிளினிக்கில் அது கேட்டிருக்காது.

அடுத்தது தேங்காய். இரண்டு கிழமை கழித்து, "அக்கா, இண்டைக்குப் போனக் குசினிக்குக் கொண்டுபோங்க, நீங்க வேல செய்றத நான் பாக்கணும்" என்றார். மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம். மேசை விளிம்பில் பூட்டுகிற திருவலையில் ஒரு பாதித் தேங்காயைப் பிடித்து, பிடியைச் சுற்றத் தொடங்கினேன். அரைவாசி போகவில்லை, "நில்லுங்க, நில்லுங்க. மூச்ச எங்க வெச்சீங்க?" என்றார். அப்போதுதான் பார்க்கிறேன், மூச்சே விடாமல் நிற்கிறேன். பல்லைக் கடித்திருக்கிறேன். இடது கை திருவலையைப் பிடிக்காமல் என் நாரியைப் பிடித்திருக்கிறது. தேங்காய் திருவுவதற்குத் தேவையான பலத்தைப் போல நாலு மடங்கு பலத்தை, வரப்போகிற நோவைத் தடுத்து நிறுத்துவதற்காகச் செலவழித்துக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து தொடங்கியதுதான் எனக்கு அதிகம் உதவிய பாடம். எனக்கு ஒரு பழக்கம்: நோ குறைந்த நாளில் மூன்று நாள் வேலையையும் சேர்த்துச் செய்வேன். அந்த வருடத் தைப்பொங்கலுக்கு அப்படித்தான், புக்கை, வடை, வீடு கழுவல், கோலம் எல்லாம் ஒரே மூச்சில். அதற்குப் பிறகு நாலு நாள் படுக்கை. படுத்த நாளில் 'இனி ஏலாது' என்ற எண்ணம், அதனால் சோர்வு, சோர்வால் இன்னும் படுக்கை. நோ வந்ததும் நிறுத்துவது என்பதே அந்த வலையின் முடிச்சு. வில்பர்ட் போர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அறுபதுகளிலிருந்தே இதைச் சொல்லி வந்திருக்கிறார்: வேலையை நோ தீர்மானிக்கக்கூடாது, முன்கூட்டியே வைத்த அளவு தீர்மானிக்கவேண்டும். எங்கள் கணக்கு இப்படி வந்தது. நோ கிளம்புமுன் என்னால் ஆறு நிமிடம் திருவ முடியும். அப்படியென்றால் நாலரை நிமிடம். குசினி மணிக்கூட்டைப் பார்த்து நாலரையில் நிறுத்தவேண்டும், நன்றாக இருந்தாலும் நிறுத்தவேண்டும், கொஞ்சம் நொந்தாலும் நாலரை வரைக்கும் போகவேண்டும். கிழமைக்கு அரை நிமிடம் கூட்டலாம். நன்றாக இருக்கும்போது நிறுத்துவதுதான் எனக்குச் சாகிற கஷ்டமாக இருந்தது. பாதித் தேங்காயை அப்படியே விட்டுவிட்டு வந்து கதிரையில் இருக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மார்ச்சில் மின்வெட்டு வந்தது. கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனதைக் கொழும்பில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். லிப்ட் இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு முழுவதும் படி. முதல் புதன்கிழமை, "இண்டைக்கு விடுவமே?" என்று மெசேஜ் போட்டேன். "தேங்காய்க் கணக்கப் படிக்கும் போடுங்க அக்கா" என்று பதில் வந்தது. பன்னிரண்டு படி, ஒரு நிமிடம் நிற்பது. நொந்தாலும் நோகாவிட்டாலும் பன்னிரண்டு. மேலே போய்ச் சேர்ந்தபோது வேர்த்து ஊற்றியது. ஆனால் மூன்று வருடத்தில் முதல் தடவையாக, நோவைக் கேட்காமல் நான் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். அந்த நாட்களில் டவரும் அடிக்கடி படுத்துவிடும். முகம் உறையும், குரல் அறும். அப்போது வீடியோவை விட்டுவிட்டுச் சாதாரணக் கோலில் கதைப்போம். டேட்டா முடிந்தால் மகன் ஓடிப்போய் ரீலோட் போட்டுக்கொண்டு வருவான். பெற்றோல் வரிசை காலி வீதி நீளத்துக்குக் கிடந்த மே, ஜூன் மாதங்களில் த்ரீவீல் பிடித்துக் கிளினிக்குக்குப் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. நாடு நின்ற அந்த மாதங்களில் எனக்கு வந்துசேர்ந்த ஒரே வைத்தியம் அந்தப் போனுக்குள்ளால்தான் வந்தது.

எண்ணங்களைப் பற்றிய வேலையும் நடந்தது. 'ஒண்டுக்கும் உதவாதவள்' என்ற வசனத்தை ஒரு கொப்பியில் எழுதி, அதற்குப் பக்கத்தில் அன்றைக்கு நான் செய்தவற்றை எழுதச் சொல்வார். மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. மாமியின் பிரஷர்க் குளிசையை எண்ணி வைத்தது. எண்ணத்தோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை, அதைச் சரிபார்க்கச் சொன்னார். கணக்கு எழுதி வாழ்ந்தவளுக்கு அது பிடித்தது.

ஒருநாள், "இந்த மாதிரி உடம்ப இறுக்கிப் புடிக்கிறது எப்ப இருந்து அக்கா?" என்று சும்மா கேட்டார். நான் வாய் திறந்தேன், 1983 வந்துவிட்டது. எனக்குப் பத்து வயது. ஜூலைக் கலவரம். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் பின்னறையில் ஒளித்து வைத்தது. தங்கச்சியின் வாயை அம்மா பொத்தியிருந்தா. நான் மூச்சுவிடும் சத்தம் கேட்டுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அதுதான் என் நாரி நோவுக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸால் விழுந்ததும் உண்மை. ஆனால் என் உடம்புக்கு அந்த வித்தை எப்போதோ தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் கண்ட எங்கள் சனம் மனத் துன்பத்தை உடம்பு நோவாகவே கொண்டுவந்து சொல்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். வாசித்தபோது எனக்குத் தெரிந்த எத்தனையோ பெண்களின் முகங்கள் வந்தன. 'உடம்பெல்லாம் உளையுது பிள்ளை' என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்த என் பெரியம்மா உட்பட.

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க மாட்டேன். சிங்களத்திலும் சொல்லியிருக்க மாட்டேன். கொழும்பில் நல்ல உளவியலாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் தமிழில் அழக்கூடிய அறைகள் குறைவு. ஒன்லைன் வழியின் மிகப் பெரிய பெறுமதி எனக்கு இதுதான். முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த தமிழ்க் காது ஒன்றை அது என் கதிரைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் தேடினேன், கணக்கர் புத்தி. கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. நாட்பட்ட வலிக்கான உளச் சிகிச்சைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பில் 75 ஆய்வுகள், 9,401 பேர். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குகிற சிந்தனை நடத்தைச் சிகிச்சையால் நோவிலும் இயலாமையிலும் மனத்துயரிலும் பயன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறிய பயன் என்கிறது. அற்புதம் இல்லை. ஒன்லைனைப் பொறுத்தவரை அவுஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் எட்டுக் கிழமை வலிப் பாடநெறி ஒன்றை உருவாக்கி, 490 பேரில் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். நோ, இயலாமை, பதற்றம், மனச்சோர்வு நாலிலும், பாடம் தொடங்காமல் காத்திருந்தவர்களைவிடப் பாடத்தைப் படித்தவர்கள் முன்னேறினார்கள். ஒழுங்காக ஒருவர் தொடர்புகொண்ட குழுவுக்கும் தாங்களாகவே படித்த குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் நான் ஏன் செயலியைப் பாதியில் விட்டேன்? மனச்சோர்வுக்கான இணையச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2021இல் வந்த ஒரு பெரிய தொகுப்பில் அதற்குப் பதில் கிடைத்தது: சோர்வு லேசாக இருப்பவர்களுக்குத் தானாகப் படிக்கும் வழியே பெரும்பாலும் போதும், சோர்வு கூடியவர்களுக்கு ஒரு மனிதர் துணை நின்றால்தான் கூடிய பயன். 17 புள்ளியோடு கிடந்தவளுக்குச் செயலி போதவில்லை. அதற்கு என்னை நான் ஏசியிருக்கத் தேவையில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவரவில்லை. நாரி நோவோடு கால் பலமிழந்தால், மலசலம் கட்டுப்பாடில்லாமல் போனால், இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனால், காரணமில்லாமல் மெலிந்தால், காய்ச்சல் சேர்ந்து வந்தால், போனை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு நெருங்கினால் அடுத்த புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற போன் இலக்கம் இரவு பகலாக எடுக்கும், 1333 என்ற உளவளத்துணை இலக்கம் இருக்கிறது, 1974இலிருந்து காது கொடுத்துவரும் சுமித்ராயோ அமைப்பு இருக்கிறது. நான் ஒருமுறை அடித்தேன். மறுமுனையில் இருந்தவர் அவசரப்படவே இல்லை.

யார் கதைக்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் கேட்டேன், அந்தப் பிள்ளை சந்தோசமாகச் சொன்னார். என் பிசியோவோடும் வைத்தியரோடும் என் சம்மதத்தோடு கதைத்தார். அமிற்றிப்டிலினை மறுபடி தொடங்கியது அப்படித்தான், வேறு ஒரு வைத்தியரிடம், முகத்தைப் பார்த்துக் கதைக்கிற ஒருவரிடம்.

எனக்கு வயிறு எரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு ஸ்மார்ட் போன் இருந்தது, டேட்டாவுக்குக் காசு இருந்தது, மொட்டை மாடித் திறப்பு இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரே அறைக்குள் ஆறு பேரோடு இருக்கிற பெண், நாள் முழுக்கக் கொழுந்து பறித்து நாரி விட்டுப்போன மலையகத்து அக்கா, இவர்களுக்கு அந்தக் கதவு எங்கே? பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. சாதாரணக் கோலே போதும் என்று மின்வெட்டுக் காலத்தில் நான் கண்டேன். அரச ஆஸ்பத்திரிகளின் நோக் கிளினிக்குகளில் தமிழ் தெரிந்த ஒரு உளவளத்துணையாளரைப் போனில் கிழமைக்கு ஒருமுறை கதைக்க வைக்க முடியாதா? மாவட்ட ஆஸ்பத்திரியிலோ தோட்ட வைத்தியசாலையிலோ கதவு பூட்டக்கூடிய ஒரு சின்ன அறையும் ஒரு கதிரையும் ஒரு போனும். நான் கேட்பது இவ்வளவுதான். இதை வாசிக்கிற வைத்தியர்கள், அதிகாரிகள் யாராவது இருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

இப்போது எப்படி என்றால், நோ இருக்கிறது. பத்துக்கு எட்டாக இருந்தது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது. மழை நாளில் கூடும். பதினாறாவது புதன்கிழமை படிவத்தில் 7 புள்ளி. ஒன்பதாவது கேள்விக்குப் பூச்சியம். தேங்காய் ஒன்று முழுதும் இரண்டு தவணையில் திருவுவேன். வெள்ளிக்கிழமைகளில் குரல் வருகிறது. சுருதி முன்னைப்போல நிற்காது, மாமி ஒன்றும் சொல்வதில்லை, டீவியின் சத்தத்தை மட்டும் குறைப்பா.

தொடக்கத்தில் எங்கள் இலக்கு என்று நாங்கள் எழுதிக்கொண்டது ஆடிவேல் திருவிழா. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும்போது காலி வீதி ஓரத்தில் இருபது நிமிடம் நின்று பார்ப்பது. 2023இல் நின்றேன். இருபத்தைந்து நிமிடம், சுவரில் சாயாமல். தேர் கடக்கும்போது போனைத் தூக்கி வீடியோ எடுத்து மட்டக்களப்புக்கு அனுப்பினேன். "மூச்சு விட்டீங்களா அக்கா?" என்று பதில் வந்தது.

மொட்டை மாடித் திறப்பை இப்போது நான் வாங்குவதில்லை. போன மாதம் நாலாம் மாடியில் இருக்கிற பெண், மூன்று வயதுப் பிள்ளையின் தாய், படியில் என்னை நிறுத்தி, "அக்கா, மேல ஆள் போறதில்லையே? ஒரு கோல் கதைக்கவேணும், கொஞ்சம் நீளமான கோல்" என்றாள். கண் வீங்கியிருந்தது. என்ன கோல் என்று நான் கேட்கவில்லை. காவல்கார அண்ணையிடம் இருக்கிறது, ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும், கதிரையின் ஒரு கால் ஆடும், கீழே ஒரு பலகைத் துண்டு வைத்திருக்கிறேன், அதைச் செருகிவிட்டு இரு என்றேன்.